தைரொயிட் அகற்றிய பின்: கடல் கடக்க வேண்டியது நோயாளியா, இரத்த மாதிரியா?

நெடுந்தீவில் வசிக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்து அவருடைய தைரொயிட் சுரப்பியை முழுமையாக அகற்றியிருக்கிறார்கள். இன்று அவருக்கு கிளினிக் நாள். விடிய முன் எழும்பி, காலைப் படகில் ஏறி, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருகிறார். அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். கிளினிக்கில் வரிசை. டொக்டர் பார்ப்பது சில நிமிடம். பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை. திரும்பும்போது கடைசிப் படகு போய்விட்டால் அன்றிரவு யாருடைய வீட்டிலாவது தங்க வேண்டும். துணைக்கு வந்த மகனுக்கோ கணவனுக்கோ அன்றைய தொழில் போய்விட்டது.

இவ்வளவும் எதற்காக? ஒரு சிறு குப்பி இரத்தம் கொடுக்கவும், ஒரு மாதத்துக்கான குளிசைகளை வாங்கவும்.

மார்கழி மாதத்தில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு மாதம் தவறும். குளிசை தீரும். உடம்பு கனக்கும், கால் வீங்கும், மறதி வரும், எதற்கெடுத்தாலும் அழுகை வரும். "சத்திரசிகிச்சைக்குப் பிறகு இவ ஆளே மாறிப்போயிட்டா" என்று ஊர் சொல்லும். அவர் மாறவில்லை. அவருக்குத் தேவையான மருந்து அவரிடம் போய்ச் சேரவில்லை.

இலங்கையில் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகமாகப் பதிவாவது தைரொயிட் புற்றுநோய்தான். புற்றுநோய் அல்லாத கழலைக்காகவும், அளவுக்கு மீறிச் சுரக்கும் தைரொயிட்டுக்காகவும் சுரப்பியை அகற்றிக்கொண்டவர்கள் இன்னும் பலர். எமது ஒவ்வொரு குடும்ப வட்டத்திலும் கழுத்தில் அந்தத் தழும்போடு ஒரு சாச்சியோ மாமியோ ராத்தாவோ இருப்பார். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அங்குதான் தொடங்குகிறது. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்பு என்றால் என்ன, அது தீவகத்தில் எங்கே அறுந்துபோகிறது, அதைக் கட்ட நாம் என்ன செய்யலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழுத்தில் இருந்தது என்ன?

தைரொயிட், தொண்டையின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் ஒரு சிறிய சுரப்பி. அது சுரக்கும் ஹோமோன், உடம்பின் ஒவ்வொரு கலமும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதயத் துடிப்பு, உடற்சூடு, சமிபாடு, மாதவிடாய், மனநிலை, ஞாபகம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. சுரப்பியை முழுமையாக அகற்றிவிட்டால் உடம்பு அந்த ஹோமோனை வேறு எங்கிருந்தும் பெற முடியாது. எனவே தைரொக்சின் குளிசையை ஆயுள் முழுவதும், தினமும் எடுக்க வேண்டும்.

கடல் மீனும் அயடீன் உப்பும் சாப்பிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அயடீன் என்பது ஹோமோன் செய்வதற்கான மூலப்பொருள் மட்டுமே. ஹோமோனைச் செய்யும் சுரப்பியே இல்லாதபோது மூலப்பொருளைக் கொடுத்துப் பயனில்லை. கருஞ்சீரகம் நல்ல உணவு. ஆனால் அதுவும் இந்த இடத்தை நிரப்பாது.

தைரொயிட்டின் பின்புறம் ஒட்டினாற்போல, பொதுவாக நான்கு மிகச் சிறிய சுரப்பிகள் உண்டு. பராதைரொயிட் என்பது அவற்றின் பெயர். இரத்தத்தில் கல்சியத்தின் அளவைக் காப்பவை அவைதான். சத்திரசிகிச்சையின்போது அவை பாதிக்கப்படலாம். பலருக்குச் சில வாரங்களில் மீண்டுவிடும். சிலருக்கு நிரந்தரமாகவே கல்சியமும் விற்றமின் டி வகை மருந்தும் தேவைப்படும். குரல்நாணுக்குப் போகும் நரம்பும் அதே இடத்தால்தான் செல்கிறது. குரல் கரகரப்பது அதனால்தான். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில் நீடித்தால் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

1883 இல் உலகம் கற்ற பாடம்

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்பு ஏன் முக்கியம் என்பதை வைத்திய உலகமே பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. புங்குடுதீவுப் பிள்ளைகள் பலர் இன்று வாழும் சுவிற்சர்லாந்தில், பேர்ன் நகரில், தியோடர் கொச்சர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். தைரொயிட் சத்திரசிகிச்சையில் அவருக்கு நிகர் அக்காலத்தில் எவரும் இல்லை. 1874 இல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சுரப்பியை முழுமையாக அகற்றினார். காயம் ஆறியது. சிறுமி வீடு போனாள். சத்திரசிகிச்சை வெற்றி என்றே பதிவானது.

பிறகு அவளைப் பற்றி வேறு விதமான செய்தி வந்தது. வளர்ச்சி நின்றுவிட்டது, முகம் ஊதிவிட்டது, புத்தி மந்தமாகிவிட்டது, தங்கை அவளைவிட உயரமாகிவிட்டாள். அதிர்ந்துபோன கொச்சர் தன்னிடம் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மற்றவர்களையும் திருப்பி அழைத்துப் பார்த்தார். சுரப்பி முழுமையாக அகற்றப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்கள் 18 பேர். அவர்களில் 16 பேரிடம் அதே பாதிப்பு இருந்தது. 1883 இல் அதை மறைக்காமல் சக வைத்தியர்கள் முன்னிலையில் அறிவித்தார். 1909 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1891 இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரே என்ற வைத்தியர் ஆட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றைத் தைரொயிட் குறைந்த ஒரு பெண்ணுக்கு ஊசி மூலம் கொடுத்தார். அந்தப் பெண் அதன்பின் 28 வருடங்கள் வாழ்ந்தார். இன்று அந்த இடத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஒரு சிறிய, விலை குறைந்த குளிசை இருக்கிறது.

கொச்சரின் நோயாளிகளுக்கு மருந்து உலகத்திலேயே இருக்கவில்லை. எமது தீவக நோயாளிகளுக்கு மருந்து இருக்கிறது, அரச வைத்தியசாலையில் இலவசமாகவும் கிடைக்கிறது. அப்படியிருந்தும் அதே அறிகுறிகளோடு ஒருவர் வாழ்ந்தால், தடையாக நிற்பது தூரமும் ஏற்பாட்டுக் குறைவும்தான்.

எந்தக் குளிசை பொறுக்கும், எது பொறுக்காது?

தீவில் வாழ்பவர் முதலில் அறிய வேண்டியது இது. தைரொக்சின் இரத்தத்தில் மெதுவாகக் குறையும் மருந்து. அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாட்கள் ஆகும். எனவே படகு ஓடாமல் ஓரிரு நாள் குளிசை தவறினால் பதற வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால் ஏமாந்தும் போகிறோம். ஒரு வாரம் நிறுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று நினைத்து விட்டுவிட்டால், வாரங்கள் போகப் போக உடம்பு மெல்ல மெல்ல அணைந்துகொண்டு வரும். மாதக்கணக்கில் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கல்சியம் அப்படியல்ல. பராதைரொயிட் பாதிக்கப்பட்டவருக்கு ஓரிரு நாள் தவறினாலே பிரச்சினை வரலாம். உதட்டைச் சுற்றி விறைப்பு, விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, கை கால் இழுப்பு ஆகியவை அறிகுறிகள். மோசமானால் வலிப்பு வரும், இதயத் துடிப்பும் குழம்பும். இந்த அறிகுறி வந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள வைத்தியசாலைக்கு, அது எவ்வளவு சிறிய வைத்தியசாலையாக இருந்தாலும், உடனே போய் "தைரொயிட் எடுத்திருக்கிறது, கல்சியம் இறங்கியிருக்கலாம்" என்று சொல்ல வேண்டும். ஊசி மூலம் கல்சியம் கொடுப்பது விசேட நிபுணர் தேவைப்படாத சிகிச்சை.

கல்சியம் அதிகமாக இறங்குவது சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் சில நாட்களில்தான். நோயாளி வீடு திரும்பும் நேரமும் அதுவே. நகரத்தில் இருப்பவர் திரும்பி ஓடி வந்துவிடலாம். நெடுந்தீவுக்காரர் அப்படி வர முடியாது. ஆகவே வார்ட்டில் துண்டு வெட்டும்போதே "நாங்கள் தீவு, படகில் போக வேண்டும்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். கல்சியம் பரிசோதித்த பிறகே அனுப்புமாறு கேளுங்கள். முடிந்தால் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் சில நாள் தங்குங்கள். கழுத்து திடீரென வீங்கி மூச்சு முட்டினால் அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். பெரும்பாலும் முதல் நாளிலேயே வரும். அதற்கு ஒரு நிமிடமும் தாமதம் கூடாது.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு போன்ற தரை வழியுள்ள இடங்களுக்கு 1990 அம்பியூலன்ஸ் வரும். வடபுல முஸ்லிம்களுக்கு 1990 என்ற இலக்கம் வேறொரு நினைவையும் தரும். ஆனாலும் இந்த இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வைத்திருங்கள். நெடுந்தீவிலிருந்து அவசர நோயாளிகளைக் கடற்படைப் படகில் கொண்டுவரும் வழக்கம் உண்டு. அதை உள்ளூர் வைத்தியசாலை மூலம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆகவே முதலில் போக வேண்டிய இடம் தீவிலுள்ள வைத்தியசாலையே.

குளிசை வேலை செய்ய நான்கு விஷயங்கள்

குளிசையை ஒழுங்காக எடுத்தும் பலன் இல்லை என்று சொல்பவர்களில் பலருக்குப் பிரச்சினை, அதை எடுக்கும் முறையில் இருக்கிறது.

முதலாவது, வெறும் வயிறு. விடிய எழும்பியதும் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம், வேறெதுவும் எடுக்காமல் இருக்க வேண்டும். பால் தேத்தண்ணியோடு விழுங்கினால் குளிசையின் ஒரு பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். கோப்பியும் அப்படியே.

இரண்டாவது, கல்சியம் குளிசை, இரும்புச்சத்துக் குளிசை, வயிற்றெரிவுக்கான மருந்து ஆகியவற்றைத் தைரொக்சினோடு சேர்த்து எடுக்கக் கூடாது. இடையில் 4 மணித்தியாலம் இருக்க வேண்டும். எல்லாக் குளிசையையும் ஒரே பிடியாக விழுங்கும் பழக்கம் எமது வீடுகளில் சாதாரணம். தைரொயிட் அகற்றியவருக்கு அது மருந்தை வீணாக்கும் பழக்கம்.

மூன்றாவது, வைக்கும் இடம். தைரொக்சினுக்கு வெளிச்சம், வெப்பம், ஈரம் மூன்றும் ஆகாது. கடதாசிப் பையில் கிடைக்கும் குளிசையை அப்படியே அடுப்படித் தட்டில் வைத்தால், தீவின் உப்புக்காற்றில் மாதம் முடிவதற்குள் அதன் வீரியம் குறையலாம். இறுக்கமான மூடியுள்ள, வெளிச்சம் புகாத சிறு டப்பாவில் போட்டுக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

நான்காவது, றமழான். நோன்பு பிடிக்கும் தைரொயிட் நோயாளிகள் ஸஹருக்கு எழும்பியதும் முதலில் குளிசையைத் தண்ணீரோடு எடுத்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்துச் சாப்பிடலாம். அல்லது இரவில், சாப்பிட்டு 3 மணித்தியாலம் கழிந்த பின் தூங்கப் போகும்போது எடுக்கலாம். தைரொக்சின் மட்டும் எடுப்பவருக்குப் பெரும்பாலும் நோன்பு தடைப்படாது. ஆனால் பகலிலும் கல்சியம் எடுத்தே ஆக வேண்டியவரின் நிலை வேறு. அவர் டொக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டே முடிவெடுக்க வேண்டும். நோயாளிக்கான சலுகையை அல்லாஹ்வே அல்பகறா அத்தியாயத்தில் தந்திருக்கிறான். அதைப் பயன்படுத்துவது ஈமானின் குறைவு ஆகாது.

குளிசை ஹலாலா?

இணையத்தில் தேடினால் "இயற்கையான தைரொயிட் குளிசை" என்று சிலவற்றைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை பன்றியின் தைரொயிட் சுரப்பியை உலர்த்தித் தயாரிக்கப்படுபவை. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் போத்தலில் இது இருக்கலாம். பெயரையும் உள்ளடக்கத்தையும் வாசித்துப் பாருங்கள். எமது வைத்தியசாலைகளில் தரப்படும் தைரொக்சின் மிருகத்திலிருந்து எடுக்கப்படுவதல்ல, செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. ஆகவே அந்தச் சந்தேகத்தால் எவரும் அதை நிறுத்த வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் குளிசையே இங்கு மார்க்க அடிப்படையிலும் வைத்திய அடிப்படையிலும் நல்லது.

எல்லோருக்கும் ஒரே இலக்கம் அல்ல

குளிசையின் அளவு சரியா என்பதைக் காட்டுவது ரி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை. ஹோமோன் குறைந்தால் ரி.எஸ்.எச். ஏறும், கூடினால் இறங்கும். சுரப்பி முழுமையாக அகற்றப்பட்டவருக்கு ஆரம்ப அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 100 மைக்ரோகிராம் அளவில் வரும். அதிலிருந்து பரிசோதனையைப் பார்த்துக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள்.

அளவை மாற்றினால் அதன் விளைவு ரி.எஸ்.எச். இல் முழுமையாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்கு முன் பரிசோதித்து மீண்டும் அளவை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். அளவு சரியாகிவிட்டால் பிறகு 6 மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை பரிசோதித்தால் போதும்.

புற்றுநோய்க்காக அகற்றப்பட்ட சிலருக்கு, நோய் திரும்பாமல் இருக்க வேண்டுமென்றே குளிசையைச் சற்றுக் கூட்டி ரி.எஸ்.எச். ஐத் தாழ்வாக வைத்திருப்பார்கள். இது தெரியாத வேறொரு டொக்டர் ரிப்போட்டைப் பார்த்து "குளிசை கூடிவிட்டது" என்று குறைத்துவிடலாம். மறுபுறம், சாதாரணக் கழலைக்காக அகற்றப்பட்டவருக்கு ரி.எஸ்.எச். தாழ்ந்தே இருந்தால் இதயத் துடிப்புக் கோளாறும் எலும்புத் தேய்வும் வரலாம். ஒரே இலக்கம், இரண்டு அர்த்தம். எதற்காகச் சுரப்பி அகற்றப்பட்டது என்பது தெரியாமல் எவராலும் அதை வாசிக்க முடியாது.

இது எமது சமூகத்தை விசேடமாகப் பாதிக்கும் விஷயம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களில் பலர் இன்றும் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இரண்டு வாழ்க்கை வாழ்கிறார்கள். ஒரு கிளினிக் கொப்பி புத்தளத்தில், இன்னொன்று யாழ்ப்பாணத்தில். பயொப்சி ரிப்போட் மகளின் வீட்டு அலுமாரியில். மகரகமவில் கொடுத்த கடிதம் எங்கேயென்று தெரியாது. ஒவ்வொரு டொக்டரும் கதையின் ஒரு துண்டை மட்டும் பார்க்கிறார். நோய் நிர்ணய அட்டை, பயொப்சி ரிப்போட், கடைசி மூன்று ரி.எஸ்.எச். ரிப்போட், தற்போதைய குளிசை அளவு ஆகியவற்றைப் படம் பிடித்து நோயாளியின் தொலைபேசியிலும் பிள்ளைகள் இருவரின் தொலைபேசியிலும் வையுங்கள். செலவில்லாத வேலை, பெரிய பாதுகாப்பு. "என்னுடைய ரி.எஸ்.எச். எந்த அளவுக்குள் இருக்க வேண்டும்?" என்று டொக்டரிடம் கேட்டு அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதித் தருமாறு கேளுங்கள்.

கதிரியக்க அயடீன்

புற்றுநோயாளர் சிலருக்குச் சத்திரசிகிச்சையின் பின் கதிரியக்க அயடீன் கொடுப்பார்கள். மகரகம போன்ற விசேட நிலையங்களில் தங்கி எடுக்க வேண்டிய சிகிச்சை இது. அதற்கு முன் ஒன்று அல்லது இரண்டு வாரம் அயடீன் குறைந்த உணவு உண்ணச் சொல்வார்கள். கடல் மீன், நண்டு, இறால், கருவாடு, அயடீன் சேர்த்த உப்பு எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். மூன்று நேரமும் மீனோடு வாழும் தீவு வீட்டுக்கு இது இலேசான காரியம் அல்ல. வீட்டில் சமைப்பவருக்கும் சேர்த்து விளக்கம் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சிகிச்சையின் பின் சில நாட்களுக்குச் சிறு பிள்ளைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். நீண்ட பஸ் பயணம், நெருக்கமான படகுப் பயணம் என்று வீடு திரும்ப வேண்டியவர்கள், எப்போது பயணம் செய்யலாம் என்பதைக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்களும் பிள்ளைப்பேறும்

தைரொயிட் நோய்கள் ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம். கழுத்துத் தழும்பு முக்காட்டுக்குள் மறைந்துவிடுவதால் கல்யாணப் பேச்சில் விஷயத்தையே மறைத்துவிடுகிறார்கள். மணமாகிப் போன வீட்டில் ஒளித்துக் குளிசை எடுக்க வேண்டிய நிலை. ஒளித்து எடுப்பவள் ஒழுங்காக எடுக்க மாட்டாள். "தைரொயிட் எடுத்தவளுக்குப் பிள்ளை கிடைக்காது" என்ற பேச்சு இதற்குக் காரணம். அது தவறு. குளிசை சரியாக எடுத்தால் கருத்தரிக்கலாம், சுகமாகப் பிள்ளை பெறலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

ஆனால் ஒன்று கட்டாயம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஹோமோனை நம்பியே இருக்கிறது. அந்த நேரத்தில் தாய்க்குத் தைரொக்சின் தேவை கால் பங்கு அல்லது அதற்கு மேல் கூடும். எனவே கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டொக்டருக்கோ குடும்பநல மாதுவுக்கோ தெரிவிக்க வேண்டும். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருப்பது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். கதிரியக்க அயடீன் எடுத்தவர்கள் குறைந்தது 6 மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும்.

கடல் கடக்க வேண்டியது எது?

இனி, ஆரம்பத்தில் சொன்ன தாயிடம் திரும்புவோம். அவர் ஒவ்வொரு மாதமும் கடல் கடப்பது எதற்காக என்று பிரித்துப் பார்த்தால் மூன்று விஷயம் வரும்.

ஒன்று, டொக்டரைப் பார்ப்பது. அளவு நிலைபெற்றவருக்கு இது வருடத்தில் ஓரிரு தடவை போதும்.

இரண்டு, இரத்தப் பரிசோதனை. ரி.எஸ்.எச். பரிசோதனைக்கான இயந்திரம் சிறிய வைத்தியசாலைகளில் பொதுவாக இருப்பதில்லை. ஆனால் இரத்தத்தை எடுத்து, சீரத்தைப் பிரித்து, குளிர்பெட்டியில் வைத்தால் ரி.எஸ்.எச். சில நாட்களுக்குக் கெடாது. நோயாளி தீவிலேயே இரத்தம் கொடுக்கலாம், மாதிரி மட்டும் படகில் யாழ்ப்பாணம் போகலாம், ரிப்போட் தொலைபேசியில் திரும்பி வரலாம். தடுப்பூசிகள் குளிர்பெட்டியில் தீவுகளுக்கு வருகின்றன. அதே பெட்டி திரும்பிப் போகும்போது இரத்த மாதிரியைக் கொண்டுபோக முடியாதா?

மூன்று, குளிசை. 2020 ஊரடங்குக் காலத்தில் கிளினிக் நோயாளர்களின் மருந்தைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை எமது நாட்டில் செய்தார்கள். முடியாது என்று நினைத்தது தேவை வந்தபோது முடிந்தது. தீவக மக்களுக்கு மாரி காலத்தில் ஒவ்வொரு வருடமும் ஊரடங்குதான். மாரிக்கு முன் இரண்டு, மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுப்பதும், நிலைபெற்ற நோயாளியின் தைரொக்சினைத் தீவிலுள்ள வைத்தியசாலையிலேயே வழங்குவதும் நியாயமான கோரிக்கைகள். 2022 இல் மருந்துக்கும் எரிபொருளுக்கும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு வந்தபோது என்ன நடந்தது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். கையிருப்பு இருந்தவர் தப்பினார்.

இக்கோரிக்கைகள் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் வாழும் எமது இந்து, கத்தோலிக்க அயலவர்களும் அதே படகில்தான் வருகிறார்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றின் நிர்வாகமும் சேர்ந்து வைத்திய அதிகாரியிடமும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் ஒரே மனுவைக் கொடுத்தால் அதன் கனமே வேறு.

எமது பங்கிலும் சில வேலைகள் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகங்கள் நீண்டகால நோயாளிகளின் பட்டியலை, அவர்களின் சம்மதத்தோடும் இரகசியம் பேணியும் வைத்திருக்கலாம். பிரயாணச் செலவுக்கும் தனியார் பரிசோதனைச் செலவுக்கும் ஸகாத், ஸதகா நிதியிலிருந்து தகுதியானவருக்கு உதவலாம். துணை இல்லாத பெண்களுக்குக் கிளினிக் நாளில் இன்னொரு பெண்ணைத் துணையாக அனுப்பலாம். யாழ்ப்பாணத்தில் வீடுள்ளவர்கள், படகு தவறிய நோயாளிக்கு ஓர் இரவு இடம் கொடுக்கலாம். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அத்தனை பெரிய வேலை மக்களால் முடிந்தது என்றால், ஒரு குளிர்பெட்டிக்கும் ஒரு இரவுத் தங்குமிடத்துக்கும் வழி செய்வது எமக்குப் பாரமாகாது.

நோய்க்கு மருந்து தேடுவது நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி. மருந்து இருந்தும் அது நோயாளியின் கைக்குப் போய்ச் சேராதபோது, அதைச் சேர்ப்பது சுற்றியிருப்பவர்கள் மீது வரும் பொறுப்பு. உங்கள் குடும்பத்தில் கழுத்தில் தழும்புள்ள சாச்சிக்கோ மாமிக்கோ இன்றே தொலைபேசி எடுங்கள். குளிசை இருக்கிறதா, எதனோடு விழுங்குகிறா, கடைசியாக எப்போது இரத்தம் பரிசோதித்தா என்று கேளுங்கள். மூன்று கேள்விகள்தான். ஒருவரை மீட்டெடுக்க அது போதுமானதாக இருக்கலாம்.

நோயுற்றவர்களுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. அவர்களுக்குத் துணை நிற்கும் மனதை எமக்குத் தருவானாக. ஆமீன்.